காலிப்பர் ஜாம்: எந்த ரிப்பேர் நிலைக்கிறது, எது மறுபடி பிடிக்கிறது

சென்னை பெசன்ட் நகர், ஈசிஆர், தூத்துக்குடி, நாகப்பட்டினம் என்று கடல் காற்று படும் இடங்களில் நிற்கும் சின்ன கார்களில் முன் காலிப்பர் (டிஸ்க் பிரேக்கில் பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம்) பிடித்துக்கொள்வது சகஜம். பட்டறையில் பெரும்பாலும் கிடைக்கும் பதில்: "காலிப்பர் போச்சு சார், மாத்திடலாம்." நீண்ட கால ஓட்டத்தில் பார்த்தவரை, அப்படிக் கழற்றி வீசப்படும் காலிப்பர்கள் பலவற்றில் பேடைத் தள்ளும் பிஸ்டனுக்கு ஒரு கோளாறும் இருப்பதில்லை. காலிப்பர் பக்கவாட்டில் நகர்ந்து ஓடும் கைடு பின் (ஆணி) துருவேறி இறுகியிருக்கும், அவ்வளவுதான். ஆகவே கடைக்குப் போகும் முன் எங்கே பிடித்திருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

வண்டி ஒரு பக்கம் இழுக்கும், மைலேஜ் இறங்கும், ஒரு வீலிலிருந்து மட்டும் கருகல் வாடை வரும். கொஞ்ச தூரம் அதிகம் பிரேக் பிடிக்காமல் ஓட்டிவிட்டு, இடது வலது டிஸ்க்குகளின் சூட்டை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் ஒப்பிட்டால் சந்தேகம் தீரும். கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம், தோல் உரிந்துவிடும்.

பிறகு வண்டியை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, பிரேக்கை மிதித்து விட்டு வீலைச் சுற்றிப் பாருங்கள். சுற்றவில்லை என்றால் காலிப்பரில் ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் சின்னத் திருகான ப்ளீடர் நிப்பிளை அரைச் சுற்று தளர்த்துங்கள். ஆயில் பீய்ச்சிக்கொண்டு வந்து வீல் விடுபட்டால் குற்றவாளி காலிப்பர் இல்லை. உள்பக்கம் ஊதிப்போன ரப்பர் ஹோஸோ பெடலோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டரோ அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. பழைய ஹோஸ் ஒருவழி வால்வு போல ஆகிவிடும்: மிதிக்கும்போது ஆயிலை விடும், திரும்ப விடாது. இது தெரியாமல் புதுக் காலிப்பர் போட்டவர்களுக்கு அதே கோளாறு அப்படியே தொடரும். நிப்பிளைத் திறந்தும் வீல் இறுக்கமாகவே இருந்தால்தான் பின்னையும் பிஸ்டனையும் சந்தேகிக்க வேண்டும்.

பேடுகளும் கதை சொல்லும். ஒரு பேட் சாய்வாகத் தேய்ந்திருந்தால் இரண்டு பின்களில் ஒன்று ஓடவில்லை. உள்பேட் மட்டும் தகடாகித் தேய்ந்து வெளிப்பேட் அப்படியே இருந்தால், காலிப்பர் பின்னில் நகரவில்லை அல்லது பிஸ்டன் திரும்பவில்லை.

கைடு பின் வேலை மலிவானது, ஆனால் அரைகுறையாகச் செய்யப்படுவதும் இதுதான். காலிப்பரைக் கழற்றியதும் கட்டுக்கம்பியில் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்கக் கூடாது. இரண்டு பின்களும் பல வண்டிகளில் ஒன்றுபோல் இருக்காது. ஒன்றின் முனையில் ரப்பர் புஷ்ஷோ தட்டையாகச் செதுக்கிய பக்கமோ இருக்கும். மேல் கீழ் குறித்து வைக்காமல் கழற்றினால் மாறிப்போகும், மாறினால் சத்தமும் இறுக்கமும் வரும். பின் ஓடும் துளையில் பழைய கிரீஸ் பிசினாகக் கெட்டித்திருக்கும். அதைப் பிரேக் கிளீனரும் சின்ன பிரஷ்ஷும் கொண்டு அடி வரை எடுக்க வேண்டும். குழி விழுந்த பின்னைத் தேய்த்துப் பயனில்லை, மாற்றுங்கள். பின்னை மூடும் ரப்பர் உறையான பூட் கிழிந்திருந்தால் அதுவும் அப்படியே.

கிரீஸ்தான் இந்த வேலையின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. கைக்குக் கிடைத்த பியரிங் கிரீஸைத் தடவினால், அதிலுள்ள பெட்ரோலிய எண்ணெய் பூட்டையும் புஷ்ஷையும் ஊதவைக்கும். சில மாதத்தில் பின் முன்னைவிட மோசமாக இறுகும். காப்பர் கிரீஸும் பின்னுக்கு ஆகாது. பிரேக்குக்கென்றே வரும் சிலிக்கோன் கிரீஸ் போதும், அதுவும் மெல்லிய பூச்சாக. அள்ளி நிரப்பினால் துளையின் அடியில் காற்று அடைபட்டு பின்னை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். கூடவே பேட் உட்காரும் இடத்தைப் பாருங்கள். கிளிப்புக்கு அடியில் பொங்கிய துரு பேடின் காதை நெரிக்கும். கம்பி பிரஷ்ஷால் சுரண்டிப் புதுக் கிளிப் போட வேண்டும்.

பின் சுலபமாக ஓடியும் வீல் பிடித்தால் பிஸ்டன்தான். அதை உள்ளே இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது. சதுர வெட்டுள்ள ரப்பர் சீல், பிரேக் மிதிக்கும்போது முறுக்கிக்கொண்டு, விட்டதும் நிமிர்ந்து பிஸ்டனைப் பின்னுக்குக் கொண்டுவருகிறது. ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான் அந்த நகர்வு. அதனால்தான் பிஸ்டனைத் தூசியிலிருந்து காக்கும் டஸ்ட் பூட் கிழிந்து ஓரத்தில் லேசாகத் துரு பிடித்தாலே வீல் சூடாகிறது.

பிஸ்டனை வெளியே எடுக்க, ஹோஸைக் கழற்றும் முன் பேடுகளை எடுத்துவிட்டு நடுவில் மரக்கட்டை வைத்துப் பெடலை மிதிப்பதே நல்ல வழி. கம்ப்ரசர் காற்று என்றால் குறைந்த அழுத்தத்தில் தொடங்குங்கள், விரலை எதிரே வைக்காதீர்கள். சீலை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாமல் மூங்கில் குச்சியால் எடுங்கள். பலர் சிலிண்டரைப் பார்த்துக் கவலைப்படுகிறார்கள், பார்க்க வேண்டியது பிஸ்டனை. சீல் சிலிண்டரின் பள்ளத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது, உரசுவது பிஸ்டனின் மேல்பரப்பில். குரோம் பூசிய பிஸ்டனில் புள்ளி விழுந்திருந்தால் எமரி ஷீட் போடுவது வீண். பூச்சும் போய் அடுத்த மழைக்காலத்துக்குள் மறுபடி பிடிக்கும். பிஸ்டன் சுத்தமாக இருந்தால் சீல் கிட் மட்டும் போட்டே பல ஆண்டு ஓடும். திரும்பப் பொருத்தும்போது தடவ புது பிரேக் ஆயில் அல்லது சிவப்பு ரப்பர் கிரீஸ். வேறு எண்ணெய் வேண்டாம்.

சென்னை ஜி.பி. ரோடு உதிரிபாகக் கடையில் புதுக் காலிப்பர் வாங்கினால் பின் நகர்கிறதா, உள்ளே கிரீஸ் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய காலிப்பரும் மோசமில்லை, உடல் நன்றாக இருந்து சீல், பூட், தேவையானால் பிஸ்டன் புதிதாகப் போட்டால். வாங்கியதை அப்படியே மாட்டுவது மட்டும் கூடாது. ஒரு பக்கம் காலிப்பர் மாற்றினாலும் பேடுகளை இரு பக்கமும் மாற்றுங்கள். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் அதன் மேலேயே பொறித்திருக்கும், அளந்துவிடுங்கள்.

ஹோஸ் மாட்டும் போல்ட்டுக்கு இரு பக்கமும் புதுச் செம்பு வாஷர். கைடு பின்னின் போல்ட்டை இறுக்கும் அளவு சின்ன கார்களில் சுமார் 25 முதல் 35 நியூட்டன் மீட்டர். வண்டியின் கையேடு சொல்வதே முடிவு. ப்ளீடிங்குக்கு (காற்றை வெளியேற்ற) ஒரு வீலுக்கு கால் லிட்டர் ஆயில் தாராளம், முழுவதும் மாற்ற 1 லிட்டர். டாட் 4 ரக பிரேக் ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும், ஈரம் ஏறியபின் கணக்கு 155 தான். அந்த ஈரமே பிஸ்டனை உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கிறது. 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள், திறந்து வைத்த பாட்டிலை மிச்சம் பிடிக்காதீர்கள். வண்டியை எடுக்கும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதிக்க மறந்தால் முதல் பிரேக்கில் பெடல் தரையில் போய் நிற்கும்.

கடலோர வண்டிக்கு ஆண்டுக்கு ஒருமுறை கைடு பின்னை உருவிப் பார்க்கலாம். 2015, 2023 டிசம்பர் மாதிரி வீல் மூழ்கும் வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு ஆண்டுக் கணக்கு கிடையாது, நீர் வடிந்ததும் பார்க்க வேண்டும்.

பின் வீலிலும் டிஸ்க் உள்ள கார்களில் இன்னொரு சிக்கல். ஹேண்ட் பிரேக் சேர்ந்த பிஸ்டனைக் கிளாம்பால் நேராக அமுக்கினால் உள் திருகு உடையும். பெரும்பாலானவற்றில் அதைச் சுற்றித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் என்றால் முதலில் அதன் மோட்டாரைப் பின்வாங்க வைக்கும் சர்வீஸ் மோடுக்குப் போங்கள். கேபிள் உள்ள வண்டியில் கேபிளைக் கழற்றி, காலிப்பரில் உள்ள லிவரைக் கையால் தள்ளி விடுங்கள். தானாக ஓரம் வரை திரும்பினால் இறுகியிருப்பது கேபிள், காலிப்பருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.