வாட்டர் பிரஷ்: அடர் நிறம் வராத ஐந்து ஆண்டுகள்

அடுத்த மாதம் வியட்நாம் கிளம்பும் தோழி நேற்று போன் செய்தாள். “அக்கா, நீங்க வெச்சிருக்கிற அந்த வாட்டர் பிரஷ் இப்ப விலை குறைஞ்சிருக்கு, வாங்கிடட்டுமா?” சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. ராத்திரி ஐந்து வருட ஸ்கெட்ச் புத்தகங்களைத் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். மொத்தம் பதினொன்று. பார்த்த பிறகு மனசு கனத்துவிட்டது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த பிரஷ் எனக்குச் செய்த உபகாரத்தை மறைக்க மாட்டேன். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தபோது அவுட்டோர் போனால் தண்ணீருக்கு ஒரு டப்பா, கழுவ ஒரு டப்பா, துணி, பலகை எல்லாம் தூக்கிப் போவோம். மயிலாப்பூர் குளக்கரையில் தண்ணீர் கொட்டிவிட்டால் பூக்காரம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மொழி தெரியாத ஊரில், ரயில் சீட்டில், ஆள் போகிற வழியில் படிக்கட்டில் உட்கார்ந்து அதெல்லாம் நடக்காது. கைப்பிடிக்குள்ளேயே தண்ணீர் இருந்து, அழுத்தினால் முனைக்கு இறங்கும் இந்த பிரஷ் வந்த பிறகுதான் வெளிநாட்டில் பத்து நிமிடம் கிடைத்தால்கூட வண்ணம் தீட்ட முடிந்தது. பாதுகாப்புச் சோதனையிலும் தொல்லை இல்லை. கைப்பையில் 100 மில்லி வரை திரவம் கொண்டுபோகலாம், இந்த பிரஷில் அதில் பத்தில் ஒரு பங்குகூட பிடிக்காது.

விமானத்தில் கசியும் என்று பலர் குறை சொல்வார்கள். மேலே போகப் போக கேபினில் காற்றழுத்தம் குறையும், பிரஷுக்குள் இருக்கிற காற்று விரிந்து தண்ணீரை வெளியே தள்ளும். அரைகுறையாக நிரப்பி வைத்தால்தான் இந்தப் பாடு. ஒன்று முழுசாக நிரப்புங்கள், இல்லையென்றால் காலி செய்துவிடுங்கள். எனக்கு இது குறையே இல்லை.

என் வருத்தம் வேறு. இந்த பிரஷில் அடர் நிறம் நிற்காது.

போர்த்துகலில் போர்ட்டோ நகரம். டோரு ஆற்றின் மேல் 1886-இல் திறந்த டோம் லூயிஸ் இரும்புப் பாலம், ஒரே வளைவு 172 மீட்டர். ரிபெய்ரா கரையில் காலை வெயில் பாலத்துக்குப் பின்னாலிருந்து வரும்போது அந்த இரும்பு முழுக்கக் கருநீலமாக நிற்கும். அதை வரையத்தான் மூன்று நாள் விடியற்காலையில் எழுந்து போனேன். அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா செம்பழுப்பும் கெட்டியாகக் குழைத்து வளைவின் இடது காலில் வைத்தேன். முதல் ஒரு அங்குலம் அப்படியே இரும்பு. இரண்டாவது அங்குலத்தில் உள்ளேயிருந்து தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. வளைவின் உச்சிக்குப் போகும்போது சாம்பல், வலது காலில் இறங்கும்போது வெறும் அழுக்குத் தண்ணீர். வாட்டர்கலர் காய்ந்தால் இன்னும் ஒரு படி வெளுக்கும். ஓட்டலுக்கு வந்து பார்த்தால் பாலம் பனிமூட்டத்தில் நிற்கிற மாதிரி இருந்தது. அந்த ஊரில் அந்த மூன்று நாளும் ஒரு துளி மூட்டம் கிடையாது.

கையை அழுத்தாமல் பிடித்தேன். ஒவ்வொரு தீற்றலுக்கும் முன்னால் டிஷ்யூவில் ஒற்றி எடுத்தேன். வண்ணக்கட்டியை விட்டுவிட்டு ட்யூபிலிருந்து புதிதாகப் பிதுக்கியும் பார்த்தேன், அதில் கொஞ்சம் தேவலை. ஆனால் உலர்ந்த தூரிகையால் சொரசொரப்பாக இழுக்கும் கோடு கடைசி வரை வரவே இல்லை. என் கைப்பழக்கம் போதவில்லை என்றுதான் வருஷக்கணக்காக நம்பியிருந்தேன்.

ஒரு சந்தோஷத்தையும் சொல்லியாக வேண்டும். ஜனவரியில் பிராக், சார்லஸ் பாலம். வானத்துக்கு நீலத்தில் ஒரு வாஷ், அதாவது தண்ணீர் நிறைந்த மெல்லிய பூச்சு, போட்டுவிட்டு நிமிர்ந்து குனிவதற்குள் நீலம் தாளிலேயே உறைந்து, பெரணி இலை மாதிரி கிளை கிளையாகப் பிரிந்து நின்றது. எந்தத் தூரிகையாலும் அதை வரைய முடியாது. பக்கத்தில் வரைந்துகொண்டிருந்த பெரியவர் என் பிரஷ் முனை விறைத்துப் போனதைப் பார்த்து, தண்ணீரில் கொஞ்சம் வோட்கா கலக்கச் சொன்னார், கலந்ததும் உறையவில்லை. அந்த வானம் இன்றைக்கும் என் சொத்து. ஆனால் அதன் கீழே, காலத்தில் கறுத்துப்போன பாலத்து முப்பது சிலைகளில் நான் வரைந்த நான்கும் இளஞ்சாம்பலாகத்தான் இருக்கின்றன.

உண்மை விளங்கியது லண்டனில். பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆந்திராவின் அமராவதி பௌத்த ஸ்தூபச் சிற்பங்களுக்கென்றே ஓர் அறை உண்டு, 1845-இல் பிரிட்டிஷ் அதிகாரி வால்டர் எலியட் தோண்டி எடுத்து சென்னைக்குக் கொண்டுவந்து, பிறகு கப்பலேறியவை. அதே ஸ்தூபத்தின் மற்ற கற்கள் எழும்பூர் மியூசியத்தில் இருக்கின்றன. படிக்கிற காலத்தில் அவற்றின் எதிரே எத்தனையோ மதியம் உட்கார்ந்திருக்கிறேன். லண்டனில் அவற்றின் உறவுக்கற்களைப் பார்த்ததும் கை தானாகப் பையைத் துழாவியது. காட்சிக்கூடத்தில் பென்சிலுக்குத்தான் அனுமதி. சரி என்று நன்றாகக் கறுப்பு விழும் 6பி பென்சிலை எடுத்தேன். குவிந்து நிற்கும் உருவங்களுக்கு இடையே, உளி ஆழமாகப் போன இடத்தில் ஒரு அழுத்து அழுத்தினேன். கருப்பு அப்படியே உட்கார்ந்தது. உருவம் கல்லிலிருந்து எழுந்து வெளியே வந்தது. எழும்பூரில் இருபது வயதில் எனக்கு வந்த அதே கருப்பு. அந்த இடத்திலேயே கண் கலங்கிவிட்டது.

நேற்று ராத்திரி தரையில் பதினோரு புத்தகங்களுக்கு நடுவே அந்த ஒரு பக்கம் மட்டும் தனியாகத் தெரிந்தது. மற்ற எல்லா ஊரும் ஒரே ஊர் மாதிரி வெளுத்துக் கிடக்கின்றன.

இந்த பிரஷ் இல்லாவிட்டால் இதில் பாதிப் படங்களை வரைந்தே இருக்க மாட்டேன் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் காலையில் தோழியைக் கூப்பிட்டு வாங்காதே என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பதில், மூடியையே கைப்பிடியாக மாட்டிக்கொள்ளும் சாதாரண பாக்கெட் பிரஷ் ஒன்று, எட்டாம் நம்பர். அப்புறம் கண் மருந்து பாட்டில் அளவுக்கு ஒரு தண்ணீர் குப்பி, ஒரு 6பி பென்சில். கொட்டினால் கொட்டட்டும், யாரிடமாவது சைகை காட்டித் தண்ணீர் கேட்கட்டும். வியட்நாமில் ஹோய் ஆன் ஊரில் வரையப் போவதாக அவள் அனுப்பிய படங்களில் சுவரெல்லாம் மஞ்சள், திறந்திருக்கிற கதவுக்கு உள்ளேயெல்லாம் நல்ல இருட்டு. அந்த இருட்டு அவளுக்கு முதல் தீற்றலிலேயே கிடைக்க வேண்டும்.