பாடத்தை எடுத்தது நான், பூட்டு போட்டது எக்ஸ்டென்ஷன்

பிரவுசரில் ஒரு எக்ஸ்டென்ஷனை (பிரவுசரோடு ஒட்டிக்கொண்டு கூடுதல் வேலை செய்யும் குட்டி மென்பொருளை)ப் போட்டு, ஸ்கிரீனை ரெக்கார்ட் செய்து மாணவர்களுக்கு அனுப்புகிறவர்கள் அடுத்த பாடத்தைத் தொடங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் 18 பாடங்கள் எடுத்தேன். இன்று என் கையில் ஒழுங்காக இருப்பவை 11. நடுவில் பணமும் போனது. மாணவர்கள் முன்னால் தலைகுனிய வேண்டியதாகவும் போனது.

எக்ஸ்டென்ஷனின் பெயரைக் கேட்காதீர்கள். இதே வேலையை இதே மாதிரி செய்பவை நிறைய இருக்கின்றன. ஒன்றின் பெயரைச் சொன்னால், மற்றதெல்லாம் யோக்கியம் என்று ஆகிவிடும்.

நான் வடிவியல் எடுக்கிறவன். ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் ஒரு முக்கோணத்தை வரைந்து, அதன் உச்சியைப் பிடித்து அங்குமிங்கும் இழுத்து, "பாருங்க, மூன்று கோணமும் மாறுது, கூட்டினால் மட்டும் 180ஐ விட்டு நகர மாட்டேங்குது" என்று காட்டுவது என் வழக்கம். கரும்பலகையில் இதைக் காட்ட முடியாது. வகுப்புக்கு வராதவர்கள் வீட்டிலிருந்தே பார்க்கட்டும் என்றுதான் ரெக்கார்டிங்கில் இறங்கினேன். எக்ஸ்டென்ஷன் கடையில் தேடினேன். "இலவசம், வரம்பில்லாத ரெக்கார்டிங்" என்று எழுதியிருந்தது, நட்சத்திரங்களும் கொட்டிக் கிடந்தன. உடனே போட்டுவிட்டேன்.

அந்த நட்சத்திரங்கள் எப்படி வந்தன என்பது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். முதல் ரெக்கார்டிங் முடிந்த கையோடு, "பிடித்திருக்கிறதா? மதிப்பெண் கொடுங்கள்" என்று ஒரு பெட்டி வந்தது. அந்த நேரத்தில் யாருக்குத்தான் பிடிக்காது? சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணுகிறது, ஓரத்தில் ஒரு வட்டத்துக்குள் நம் முகம் தெரிகிறது, முடித்ததும் லிங்க் தயார். நானும் ஐந்து நட்சத்திரம் கொடுத்தேன். சிக்கல் வருவது மூன்று வாரம் கழித்து. அதற்குள் எல்லோரும் கொடுத்து முடித்திருப்பார்கள். ஒற்றை நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதை மட்டும் முதலில் படித்திருந்தால், என் கதை முழுவதும் அங்கேயே இருந்தது.

14ஆவது பாடத்தை எடுத்து முடித்த அன்று மாலை ஒரு மாணவனிடமிருந்து செய்தி வந்தது: "சார், நீங்க உங்க திட்டத்தை மேம்படுத்தணுமாம்." ஒன்றும் புரியவில்லை. எந்தத் திட்டம்? அவன் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். என் முதல் பாடத்தின் முகப்புப் படம் மங்கலாகத் தெரிந்தது, அதன் மேல் ஒரு பூட்டு. கீழே, வீடியோவின் உரிமையாளர் கட்டணத் திட்டத்துக்கு மாறினால்தான் பார்க்கலாம் என்று ஒரு வரி. என் கணக்கைத் திறந்தால் முதல் நான்கு பாடங்களுக்கும் அதே பூட்டு. இலவசக் கணக்கில் கடைசியாக எடுத்த 10 மட்டும்தான் திறக்குமாம். புதிதாக ஒன்று சேர்ந்தால் பழையது ஒன்று உள்ளே போய்விடும். டவுன்லோட் பொத்தான் எல்லாவற்றிலும் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது, பக்கத்தில், பணம் கட்டினால்தான் என்பதற்கு அடையாளமாக ஒரு குட்டிக் கிரீடம்.

"வரம்பில்லை என்றுதானே போட்டிருக்கிறீர்கள்?" என்று எழுதிக் கேட்டேன். வந்த பதிலை அப்படியே மனதில் வைத்திருக்கிறேன்: ரெக்கார்ட் செய்வதற்குத்தான் வரம்பில்லை, பார்ப்பதற்கு உண்டு. இதற்கு மேல் என்ன சொல்ல?

பாடங்களை அவர்களுடைய கிளவுடில், அதாவது இணையச் சேமிப்பில், வைத்ததால்தானே இந்த வினை? இனி மேகமும் வேண்டாம், மழையும் வேண்டாம் என்று அமைப்புகளுக்குள் போனேன். "இந்தக் கணினியில் சேமி" என்று ஒரு விருப்பம் இருந்தது. அதைப் போட்டுவிட்டு 15 முதல் 18 வரை நான்கு பாடங்களை நிம்மதியாக எடுத்தேன். பட்டியலில் நான்கும் தெரிந்தன, தட்டினால் ஓடின. கணினியில்தான் இருக்கின்றன என்று நம்பிவிட்டேன். கணினியில் எங்கே என்று ஒரு முறைகூடப் போய்ப் பார்க்கவில்லை. இந்தத் தப்பு என்னுடையது.

அப்புறம், பூட்டிய பாடங்களை எடுத்தாக வேண்டுமே என்று ஏழு நாள் இலவசச் சோதனைக்குச் சேர்ந்தேன். கார்டு எண் கேட்டது, கொடுத்தேன். 14 பாடங்களையும் ஒவ்வொன்றாக இறக்கினேன். மூன்று கோப்புகள் பூஜ்ஜியம் பைட். பெயர் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. மறுபடி இறக்கினாலும் அதே பூஜ்ஜியம்.

மீதி 11 கோப்புகளில் இன்னொரு கூத்து. எல்லாம் வெப்எம் என்ற வீடியோ வடிவம். ஓடுகின்றன, ஆனால் மொத்தம் எத்தனை நிமிடம் என்று காட்டவில்லை. கீழே உள்ள பட்டையைப் பிடித்து நடுப்பகுதிக்கு இழுத்தால் போக மாட்டேன் என்கிறது. பாட வீடியோவில் இது பெரிய குறை. பிள்ளைகள் முழுவதையும் உட்கார்ந்து பார்ப்பதில்லை, புரியாத இடத்துக்கு நேராகப் போய் மூன்று முறை கேட்பார்கள். உதவிக்குழுவிடம் கேட்டால், உங்கள் பிளேயரில்தான் கோளாறு என்றார்கள். அது பொய். பிரவுசருக்குள்ளேயே இருக்கும் மீடியா ரெக்கார்டர் என்ற வசதியைத்தான் இந்த எக்ஸ்டென்ஷன்களில் பெரும்பாலானவை பயன்படுத்துகின்றன. அது வீடியோவை எடுக்க எடுக்கத் துண்டு துண்டாக எழுதிக்கொண்டே போகும். பாடம் எவ்வளவு நேரம் ஓடப்போகிறது என்று தொடக்கத்தில் அதற்குத் தெரியாது. முடிந்த பிறகு திரும்பி வந்து கோப்பின் தொடக்கத்தில் உள்ள தகவல் பகுதியில் நீளத்தை எழுதுவதும் கிடையாது. எக்ஸ்டென்ஷன் செய்பவர்கள்தான் அதைச் சரிசெய்து கொடுக்க வேண்டும். இவர்கள் செய்யவில்லை. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் கோப்பைப் புதிதாக மாற்றாமல், அப்படியே நகலெடுக்கும் கட்டளையில் ஓட்டினேன். படத்தின் தரம் துளியும் குறையாமல் நீளமும் பட்டையும் சரியாகிவிட்டன. ஒரு கோப்புக்குச் சில நொடிகள்தான் ஆனது. பணம் வாங்குகிறவர்களுக்கு இது முடியாத வேலையா?

சோதனைக் காலத்தின் ஐந்தாவது நாள். அந்த மூன்று பூஜ்ஜியக் கோப்புகளைப் பற்றி நான் அனுப்பிய நான்காவது கடிதத்துக்கும் "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று அதே அச்சு பதில் வந்தது. போதும்டா சாமி என்று எக்ஸ்டென்ஷனை நீக்கினேன். "நீக்கவா?" என்று பிரவுசர் ஒரு வரி கேட்டது. ஆம்.

அந்த ஒரு சொடுக்கில் நான்கு பாடங்கள் போயின. "இந்தக் கணினியில்" என்று அது சொன்ன இடம் என் டவுன்லோட்ஸ் கோப்புறை அல்ல. எக்ஸ்டென்ஷனுக்கென்று பிரவுசர் ஒதுக்கிக் கொடுக்கும் சேமிப்பு அறை. கணினிக்குள்தான் இருக்கிறது, ஆனால் சாவி எக்ஸ்டென்ஷனிடம். அதை நீக்கினால் அந்த அறையையும் பிரவுசர் சேர்த்தே துடைத்துவிடும். குப்பைத்தொட்டிக்குக்கூட வராது. வீட்டைக் காலி செய்யச் சொன்னால், சுவரோடு இடித்துவிட்டுப் போன மாதிரி. வட்ட நாற்கரத்துக்கு நான் எடுத்த பாடம் அதில் ஒன்று. அவ்வளவு நன்றாக வந்த பாடம் எனக்கு வேறு இல்லை.

எட்டாவது நாள் கார்டில் பணம் எடுத்துவிட்டதாகக் குறுஞ்செய்தி. எக்ஸ்டென்ஷனை நீக்குவது வேறு, சந்தாவை ரத்து செய்வது வேறு. சந்தா அவர்களுடைய இணையதளத்தில், கணக்குக்குள், பில்லிங் என்ற பக்கத்தின் அடியில் உயிரோடு உட்கார்ந்திருந்தது. அதுவும் ஒரு மாதத்துக்கு அல்ல, ஒரு வருடத்துக்கு மொத்தமாக எடுத்திருந்தார்கள். மாதக் கட்டணம் பெரிய எழுத்தில், "ஆண்டுக்கு ஒருமுறை வசூலிக்கப்படும்" என்பது பொடி எழுத்தில். நான் சேரும்போது ஆண்டுத் திட்டத்தில் தானாகவே டிக் விழுந்திருந்தது. வங்கியிடம் முறையிட்டேன். ரத்து செய்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். ரத்தே செய்யவில்லையே, எங்கிருந்து கொடுப்பது? அடுத்த வருடம் எடுக்காமல் இருக்க மட்டும் வழி செய்தேன்.

இவ்வளவும் என் நேரம், என் பணம். அடுத்தது அப்படியில்லை.

ஒரு மாணவி தயங்கித் தயங்கி எழுதியிருந்தாள்: "சார், 11ஆவது பாடத்துல எல்லாரோட மார்க்கும் தெரியுது." ஓடிப்போய்ப் பார்த்தேன். அன்று டேப்பை மட்டும் பகிராமல் முழு ஸ்கிரீனையும் பகிர்ந்திருக்கிறேன். நடுவில் எதையோ தேடி மதிப்பெண் பட்டியலைத் திறந்து, சுமார் 20 நொடிகள் கழித்து மூடியிருக்கிறேன். எல்லோருடைய பெயரும், எல்லோருடைய மதிப்பெண்ணும் அதில் இருந்தன. லிங்க் வைத்திருக்கும் யாரும், உள்நுழையாமலே பார்க்கலாம் என்பதுதான் அந்த எக்ஸ்டென்ஷனின் இயல்பு அமைப்பு. நான் அதை மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்றே தெரியாது. அடுத்த வகுப்பில் மன்னிப்புக் கேட்டேன். எல்லோரையும் விடக் குறைந்த மதிப்பெண் வாங்கியிருந்த பையன் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அதன் பிறகுதான் முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொண்ட அனுமதி நினைவுக்கு வந்தது. எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும். ஸ்கிரீனை ரெக்கார்ட் செய்ய இந்த அனுமதி தேவையே இல்லை. எந்த டேப், எந்த விண்டோ என்று ஒவ்வொரு முறையும் பிரவுசரே நம்மிடம் கேட்டு வாங்குகிறது, அதற்கு மேல் எதுவும் வேண்டாம். பக்கத்தின் மேல் பேனாவால் கிறுக்கவும், நம் முகத்தை வட்டத்தில் காட்டவும்தான் எக்ஸ்டென்ஷன் அந்தப் பக்கத்துக்குள் நுழைய வேண்டும். அதையும் நாம் அதன் ஐகானைச் சொடுக்கும்போது மட்டும், அந்தப் பக்கத்துக்கு மட்டும் என்று வாங்கிக்கொள்ள முடியும். இவர்கள் வாங்கியது மொத்தச் சாவிக்கொத்து. நான் மதிப்பெண் ஏற்றும் தளம், மின்னஞ்சல், வங்கி எல்லாம் அதே பிரவுசரில்தான். எதையும் எடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. எடுத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது.

எக்ஸ்டென்ஷன்கள் நம்மைக் கேட்காமல் தானாகவே அப்டேட் ஆகும். புதிதாகப் பெரிய அனுமதி கேட்டால்தான் குரோம் நிறுத்தி எச்சரிக்கும். எல்லா அனுமதியையும் முதல் நாளே வாங்கிவிட்ட ஒன்றுக்கு அந்தத் தடையும் கிடையாது. தி கிரேட் சஸ்பெண்டர் என்று ஒன்று இருந்தது, சும்மா கிடக்கும் டேப்களைத் தூங்க வைப்பது. நல்ல பெயரோடு வருடக்கணக்கில் ஓடியது. 2020இல் அதை வேறு யாருக்கோ விற்றார்கள். 2021 பிப்ரவரியில், தீங்கு விளைவிக்கும் நிரல் இருக்கிறது என்று கூகுளே அதைக் கடையிலிருந்து தூக்கியது. பழைய நம்பிக்கையில் வைத்திருந்தவர்களுக்குக் கைமாறியதே தெரியவில்லை.

இப்போது நான் எக்ஸ்டென்ஷன் பக்கமே போவதில்லை. விண்டோஸ் 11இல் ஸ்னிப்பிங் டூலிலேயே ஸ்கிரீன் ரெக்கார்டிங் இருக்கிறது. மேக்கில் ஷிஃப்ட், கமாண்ட், 5 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். முகமும் ஸ்கிரீனும் சேர்ந்து வேண்டுமென்றால் ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருள். முதல் நாள் அதைத் திறந்தால் விமானி அறை மாதிரி மிரட்டும், இரண்டாம் நாள் பழகிவிடும். அதில் எம்கேவி வடிவத்தில் பதிவுசெய்யச் சொல்லிவிட்டால், நடுவில் மின்சாரம் போனாலும் அதுவரை எடுத்தது கெடாது.

எக்ஸ்டென்ஷன்தான் வசதி என்பவர்கள் முதல் நாளே ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு நிமிடம் எதையாவது பேசி ரெக்கார்ட் செய்யுங்கள். கோப்பை இறக்குங்கள். நெட்டைத் துண்டியுங்கள். பிரவுசரை மூடிவிட்டு, அந்தக் கோப்பை வேறு பிளேயரில் திறந்து பட்டையை இழுத்துப் பாருங்கள், குரலையும் கேளுங்கள். டேப்பைப் பகிரும்போதுதான் அதன் ஒலியைச் சேர்க்கும் விருப்பம் எப்போதும் வரும். விண்டோவைப் பகிர்ந்தால் பெரும்பாலும் வராது. இதில் நான் ஒரு பாடத்தை ஊமைப் படமாக எடுத்தது தனிக்கதை. பாடம் எடுப்பதற்கென்று பிரவுசரில் தனி புரொஃபைல் (மற்றதோடு கலக்காத தனிப் பயனர் பகுதி) ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் மின்னஞ்சல் வேண்டாம், மதிப்பெண் வேண்டாம், எதிலும் உள்நுழைய வேண்டாம்.

11ஆவது பாடத்தை அவர்கள் தளத்தில் அன்றே அழித்தேன். பட்டியலிலிருந்து போய்விட்டது. கணக்கையே மூடச் சொல்லிக் கடிதமும் எழுதினேன். 30 நாட்களுக்குள் செய்வோம் என்று பதில் வந்தது. அந்த வீடியோ கோப்பின் நேரடி முகவரியை அந்த மாணவி அனுப்பியிருந்தாள். நேற்று, 41ஆவது நாள், அதைத் தட்டிப் பார்த்தேன். ஓடுகிறது.