கருப்பு பீரும் கிருஷ்ணகிரி வெயிலும்: ஸ்டௌட் பற்றி ஒரு நீண்டகால அனுபவக் குறிப்பு

கிளாஸில் கருப்பாக நிற்கும் பீரைப் பார்த்ததும் பக்கத்து டேபிள்காரர் "இது செம ஸ்ட்ராங்கா இருக்கும்போல" என்று சொல்லாமல் இருக்கமாட்டார். கின்னஸ் டிராஃப்ட்டில் ஆல்கஹால் 4.2 சதவீதம்தான். டாஸ்மாக்கில் தினமும் பெட்டி பெட்டியாக ஓடும் ஸ்ட்ராங் பீர் பொன்னிறமாக இருந்துகொண்டே 8 சதவீதம் வரை போகிறது. இந்தக் கருப்பு பீர் வகைக்கு ஸ்டௌட் என்று பெயர், நிறம் வறுத்த பார்லியிலிருந்து வருவது. ஃபில்டர் காபி டிகாக்‌ஷன் கருப்பாக இருக்கிறதே என்று யாரும் பயப்படுவதில்லை, இதுவும் அப்படித்தான்.

ராகி மால்ட் குடித்து வளர்ந்த ஊர் என்பதால் இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு மால்ட் என்றால் விளக்கமே வேண்டாம். கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து, வறுத்து அரைக்கிறோம். முளைக்கும்போது மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகள் உருவாகின்றன. பார்லியிலும் அதே வேலைதான். ஸ்டௌட்டில் மட்டும் கூடுதலாக, முளைகட்டாத பார்லியைக் காபிக்கொட்டை மாதிரி கருக வறுத்துக் கொஞ்சம் சேர்ப்பார்கள், மொத்தத் தானியத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. காபிக் கசப்பு, கோகோ வாசனை, களிப் பானையின் அடிப்பொருக்கைச் சுரண்டித் தின்றால் வரும் அந்தச் சுவை எல்லாம் அந்த ஒரு பங்கின் வேலை.

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் இருந்துகொண்டு பல வருடங்களாகக் கருப்பு பீர் குடித்துப் பார்த்ததில் நிலைத்த கருத்து ஒன்றுதான்: பிராண்டைவிட இரண்டு விஷயங்கள் பெரியவை. பாட்டில் எத்தனை மாதம் எவ்வளவு சூட்டில் கிடந்தது என்பது ஒன்று. குடிக்கும்போது என்ன குளிர்ச்சியில் இருந்தது என்பது இன்னொன்று. இந்த இரண்டும் கெட்டால் உலகப் புகழ் பெற்ற ஸ்டௌட்டும் ஊறவைத்த அட்டைப்பெட்டிதான்.

முதலில் குளிர்ச்சி. "கூலிங் இருக்கா?" என்று கேட்டு வாங்குவது நம் பழக்கம். கடைகளில் ஓடும் பொன்னிற லாகர் பீருக்கு அது சரி, அதில் மறைக்க வேண்டியதுதான் அதிகம். ஸ்டௌட்டை 3, 4 டிகிரியில் குடித்தால் நாக்கு மரத்துப்போய்க் கசப்பு மட்டும் தெரியும், வாசனை எதுவும் மேலே வராது. சாதாரண ஸ்டௌட் 8 முதல் 10 டிகிரியிலும், 8 சதவீதத்துக்கு மேலான கனமான வகைகள் 12 டிகிரிக்குப் பக்கத்திலும்தான் வாய் திறக்கும். தெர்மாமீட்டரெல்லாம் வேண்டாம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து ஓசூரில் டிசம்பர் மாதமென்றால் இருபது, இருபத்தைந்து நிமிடம் மேசையில் வையுங்கள். ஏப்ரலில் தருமபுரியில் பத்து நிமிடமே அதிகம். கனமான வகையை ஒரே மூச்சில் காலி செய்யாமல் வைத்துக் குடித்தால், முதல் வாயில் காபியாக இருந்தது கடைசி வாயில் உலர் திராட்சையும் வெல்லப்பாகுமாக மாறியிருக்கும். காசு கொடுத்தது அந்த மாற்றத்துக்குத்தான்.

அவசரத்துக்கு ஃபிரீசரில் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். 5 சதவீத பீர் மைனஸ் 2, 3 டிகிரியிலேயே உறையத் தொடங்கும். மறந்துவிட்டால் பாட்டில் விரியும், கேன் உப்பும். விரியாவிட்டாலும் உறைந்து உருகிய பீரில் நுரை நிற்காது, கலங்கலும் தங்கிவிடும். ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் ஒரு பிடி கல்லுப்பு போட்டு, பாட்டிலை முழுக்க மூழ்கவைத்தால் இருபது நிமிடம் போதும்.

கிளாஸ் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் பாதிப் பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. எண்ணெய்ப் பாத்திரம் தேய்த்த அதே நாரில் கிளாஸைத் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத கொழுப்புப் படலம் ஒட்டிக்கொள்ளும், நுரை ஒரு நிமிடத்தில் செத்துவிடும். சுத்தமான கிளாஸைத் தண்ணீரில் நனைத்துக் கவிழ்த்தால் தண்ணீர் சீரான ஏடாக வழியும், அழுக்கு கிளாஸில் துளித்துளியாகப் பிரியும். பீர் ஊற்றிய பிறகு பக்கச் சுவரில் குமிழிகள் கொத்தாக ஒட்டியிருந்தாலும் அதே அர்த்தம். எவர்சில்வர் டம்ளர் மோருக்கு நல்லது. ஸ்டௌட்டுக்கு வேண்டாம், நிறமும் தெரியாது, கைச்சூடும் சீக்கிரம் ஏறிவிடும்.

இனி குடித்துப் பார்க்க வேண்டியவை.

கின்னஸ் டிராஃப்ட் கேன்: டப்ளினில் 1759இல் தொடங்கிய ஆலையின் பீர், பெங்களூரின் இறக்குமதிக் கடைகளில் கிடைக்கும். கேனை ஆட்டிப் பார்த்தால் உள்ளே ஏதோ உருளும், உடைந்த பாகம் என்று பயப்பட வேண்டாம். அது நைட்ரஜன் அடைத்த பிளாஸ்டிக் உருண்டை. கேனைத் திறந்ததும் அழுத்தம் குறைந்து, உருண்டையில் இருக்கும் ஊசித்துளை வழியாக வாயு பீச்சியடிக்கும். நைட்ரஜன் பீரில் அவ்வளவாகக் கரையாது என்பதால் மிக நுண்ணிய குமிழிகளாக வெளியேறும், பாலாடை போன்ற நுரை அதனால்தான். குறைந்தது மூன்று மணி நேரம் குளிரவைக்காமல் திறந்தால் பாதி பீர் மேசையில்தான். திறந்து சில நொடி விட்டு, கிளாஸை 45 டிகிரி சாய்த்து, நிறுத்தாமல் ஒரே ஊற்றாக ஊற்றுங்கள். அப்புறம் இரண்டு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். கிளாஸின் ஓரத்தில் குமிழிகள் கீழ்நோக்கி ஓடும். நடுவில் மேலே ஏறும் பீர் ஓரமாகக் கீழே இறங்கும்போது, நுண்குமிழிகளையும் இழுத்துக்கொண்டு போகிறது. பழுப்பு அலை அடங்கிக் கருப்பும் வெள்ளையும் கோடு போட்டதுபோல் பிரிந்த பிறகே வாயில் வைக்க வேண்டும். சுவையில் இது மெலிதான ஸ்டௌட், கடைசியில் வறண்டு முடியும். முதல்முறை குடிக்கும் பலர் "தண்ணியா இருக்கே" என்பார்கள். அந்தக் குறை நியாயமானதுதான்; வாயில் கனம் வேண்டுபவர்களுக்கு இது ஆரம்பப் படி மட்டுமே.

கின்னஸ் ஃபாரின் எக்ஸ்ட்ரா: பெயர் ஒன்று, ஆள் வேறு. 7.5 சதவீதம், நைட்ரஜன் கிடையாது, கசப்பும் காரமும் கூடுதல். வெப்ப நாடுகளுக்குக் கப்பலில் அனுப்பக் கூடுதல் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ) போட்டு உருவான வகை. நைஜீரியாவில் காய்ச்சும்போது சோளம் சேர்க்கிறார்கள். மக்காச்சோளமில்லை, நம் மானாவாரிக் காட்டில் விளையும் அதே சோளம்தான். எங்காவது கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

இந்தப் பட்டியலில் முதலிடம் கேட்டால் இலங்கையின் லயன் ஸ்டௌட்டுக்குத்தான். 8.8 சதவீதம். கருப்பட்டி, உலர் திராட்சை, டார்க் சாக்லேட் எல்லாம் தெளிவாகத் தெரியும், இனிப்பு இருந்தும் திகட்டாது. வெப்பமண்டல ஸ்டௌட் என்று தனியாகவே ஒரு வகை உண்டு, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். ஆல்கஹாலும் வறுத்த மால்ட்டும் அதிகம் என்பதால் வயதையும் தாங்கும். ஒரு வருடம் ஆன கேனில்கூடப் பழுதைவிடப் பழச்சுவைதான் கூடியிருந்தது. கொழும்பிலிருந்து வருபவர்கள் சுங்க விதிப்படி 2 லிட்டர் மது கொண்டு வரலாம், 500 மில்லி கேன் என்றால் நான்கு. விஸ்கிக்குப் பதில் இதைக் கேட்டுப் பாருங்கள். 8.8 என்பதை மட்டும் மறக்க வேண்டாம். வழவழவென்று இறங்கும், கணக்கு அப்புறம்தான் தெரியும்.

இந்தியப் பாட்டில்களில் சிம்பா ஸ்டௌட். காபி முன்னால் நிற்கும், வாயில் கனம் நடுத்தரம். புதுசாக இருந்தால் விலைக்கு நியாயம், பழசானால் சோயா சாஸ் வாடை எட்டிப் பார்க்கும். தேதி பார்க்காமல் வாங்கக்கூடாத பாட்டில் இது.

மில்க் ஸ்டௌட் என்று எழுதியிருந்தால் அதில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை இருக்கிறது. பீர் ஈஸ்ட்டால் அதைச் செரிக்க முடியாது, அதனால் இனிப்பு அப்படியே தங்கும். பால் குடித்தால் வயிறு உப்புபவர்களுக்கு இதுவும் அப்படியே செய்யும். ஓட்மீல் ஸ்டௌட்டில் அந்தத் தொல்லை இல்லை. ஓட்ஸின் வழவழப்பு மட்டும் இருக்கும், கசப்பு பிடிக்காதவர்களை ஸ்டௌட் பக்கம் இழுக்க நல்ல தூண்டில்.

மைக்ரோபுருவரி, அதாவது அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றிக் கொடுக்கும் சின்ன ஆலை என்றால் இங்கிருந்து பெங்களூருதான் பக்கம். ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர், கிருஷ்ணகிரியிலிருந்து 90. இந்திராநகரில் டாய்ட், வைட்ஃபீல்டில் விண்ட்மில்ஸ், மக்ரத் ரோட்டில் ஆர்பர் எல்லாம் பத்து வருடத்துக்கு மேல் ஓடுபவை. டாய்ட்டில் பாஸ்மதி அரிசி சேர்த்த வெளிர்நிற 'பிளாண்ட்' பீர், ஆர்பரில் ரேஜிங் எலிஃபண்ட் என்ற ஐபிஏ (ஹாப்ஸ் தூக்கலான பீர் வகை) இரண்டும் பெயர் பெற்றவை. ஸ்டௌட்டைப் பொறுத்தவரை ஒரே இடத்தில்கூட ஒருமுறை காய்ச்சியது மாதிரி அடுத்தமுறை காய்ச்சியது இருப்பதில்லை. முழு கிளாஸ் ஆர்டர் செய்வதற்கு முன் சாம்பிள் கேளுங்கள், தருவார்கள். வெண்ணெய் அல்லது பட்டர்ஸ்காட்ச் வாசனை வந்தால் ஈஸ்ட் வேலையை முடிப்பதற்குள் குளிரவைத்துவிட்டார்கள், இல்லையென்றால் டேப் குழாய் கழுவப்படவில்லை. வினிகர் மாதிரிப் புளித்தால் பெரும்பாலும் குழாய்தான். வேகவைத்த மக்காச்சோள வாடை வந்தால் கொதிக்கவைத்த நேரம் போதவில்லை. பச்சை ஆப்பிள் வாசனை வந்தால் அவசரத்தில் இறக்கிய பீர்.

அடுப்புச் சாம்பலை நக்கியதுபோல் தொண்டையில் உரசும் கசப்புக்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர். வறுத்த தானியம் அமிலத்தன்மை உடையது. டப்ளின் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம், அது அமிலத்தைச் சமன் செய்துவிடும். ஆர்ஓ தண்ணீரை உப்புகள் சேர்க்காமல் அப்படியே ஊற்றிக் காய்ச்சினால் பிஎச் தேவைக்கும் கீழே இறங்கி, சுவை கூர்மையாகிவிடும். பாத்திரத்தில் வெள்ளைத் திட்டு பிடிக்கும் நம் போர் தண்ணீரின் கடினத்தன்மை ஸ்டௌட்டுக்கு ஒருவகையில் தோதானது என்பது வேடிக்கை. ஃபுளோரைடை மட்டும் கழித்துவிட வேண்டும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தானே. இதைப் படித்துவிட்டு வீட்டில் காய்ச்சக் கிளம்ப வேண்டாம், அது சட்டவிரோதம்.

சட்டம் என்றதும் இன்னொன்று. பெங்களூரில் வாங்கிய பாட்டிலைப் பெர்மிட் இல்லாமல் மாநில எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி, ஜூஜூவாடி தாண்டிக் கொண்டு வருவது தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அங்கேயே குடித்துவிட்டு வாருங்கள், வண்டியை ஓட்டிக்கொண்டு இல்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம்தான் எல்லை, ஒரு பைண்ட் ஸ்ட்ராங் ஸ்டௌட்டே பலரை அதற்கு மேல் ஏற்றிவிடும். ஓசூருக்கும் தருமபுரிக்கும் ரயில் இருக்கிறது. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இன்னும் இல்லை, பஸ்தான்.

ஸ்டௌட் அல்லாதவற்றில் கோதுமை பீரைச் சொல்லாமல் விட முடியாது. ஹோகார்டனில் ஆரஞ்சுத் தோலும் தனியாவும் போடுகிறார்கள். முகர்ந்தால் மசாலா டப்பா நினைவுக்கு வரும், ஆனால் காரம் இல்லை. ஜெர்மன் வகையான வைஹென்ஸ்டெஃபனரில் பூவன்பழமும் கிராம்பும் மணக்கும். அந்த இரண்டு மணமுமே ஈஸ்ட் உண்டாக்குபவை, இதில் பழமோ மசாலாவோ சேர்ப்பதில்லை. அடியில் தங்கியிருக்கும் ஈஸ்ட்டைக் கெட்டுப்போனது என்று விட்டுவிடாமல், கடைசி இரண்டு விரல் பீரைச் சுழற்றிக் கலக்கி ஊற்ற வேண்டும். ஐபிஏ இந்த வெயிலுக்கு ஆகாத பிள்ளை. ஹாப்ஸ் வாசனை சூட்டில் சில வாரங்களிலேயே ஓடிவிடும், மிஞ்சுவது வெறும் கசப்பு. அதை டேப்பில் மட்டும் குடியுங்கள்.

பாட்டில் எடுக்கும்போது முதலில் தயாரிப்புத் தேதி. ஐபிஏ என்றால் இரண்டு மாதம், கோதுமை பீர் மூன்று மாதம், சாதாரண ஸ்டௌட் ஆறு மாதம் வரை பரவாயில்லை. இவை அச்சிட்ட காலாவதிக் கணக்கு அல்ல, நம்மூர் குடோன் சூட்டை வைத்துப் போட்ட கணக்கு. அடுத்தது பாட்டிலின் நிறம். பச்சை, வெள்ளைப் பாட்டில்கள் வெளிச்சம் படும் அலமாரியில் நின்றிருந்தால் எடுக்க வேண்டாம். ஹாப்ஸின் கசப்புப் பொருளை ஒளி உடைத்துக் கந்தக நாற்றத்தை உண்டாக்கும், நேர் வெயிலில் அதற்குச் சில நிமிடங்களே போதும். பழுப்புப் பாட்டில் தாங்கும், கேன் முழுப் பாதுகாப்பு. மூடியைச் சுற்றிப் பிசுபிசுப்பு இருந்தால் கசிந்திருக்கிறது, திரும்ப வைத்துவிடுங்கள். வீட்டில் படுக்கவைக்காமல் நிறுத்தி வையுங்கள்.

சைடு டிஷ் விஷயத்தில் பச்சைமிளகாய்க் காரமும் ஐபிஏவும் சேரவே சேராது, ஒன்று இன்னொன்றைக் கிளப்பிவிடும். புளி தூக்கலான குழம்பு மீன் ஸ்டௌட்டோடு சண்டை போடும், புளிப்பும் கருகலும் சேர்ந்து வாய் வறண்டுவிடும். தோலோடு வறுத்த வேர்க்கடலை, மிளகு போட்ட மட்டன் சுக்கா, ஈரல் வறுவல் மூன்றும் ஸ்டௌட்டுக்கு அளந்து தைத்த சட்டை. களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் இருந்தால் லயன் ஸ்டௌட்டின் இனிப்பு அந்தக் காரத்தை அழகாகத் தாங்கிக்கொள்ளும். சீசனில் கிளிமூக்கு மாங்காயைக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தூவினால் அதற்குக் கோதுமை பீர். பழுத்த அல்போன்சாவை மட்டும் எந்த பீரோடும் வைக்காதீர்கள், பழத்துக்குப் பக்கத்தில் பீர் புளித்த தண்ணீராகத் தெரியும்.