ஒன்பது மாதம் ஒழுங்காக இருந்த வீடு

சேலம் அழகாபுரத்தில் அப்பா 1994ல் கட்டிய வீட்டை விற்கலாம் என்று முடிவானபோது, ‘ஹோம் ஸ்டேஜிங்’ என்ற பேச்சைப் பெங்களூரில் இருக்கும் தங்கைதான் எடுத்தாள். பார்க்க வருகிறவர் கண்ணுக்கு வீட்டை எடுப்பாக்கி வைத்தால் இரண்டே வாரத்தில் விலைபோகும் என்றாள். வைகாசியில் ஆரம்பித்தோம், தையில்தான் கைமாறியது. அத்தனை மாதமும் நானும் அம்மாவும் அதே வீட்டில்தான் குடியிருந்தோம். எது உழைத்தது, எது பல்லை இளித்தது என்று இப்போது சொல்லலாம்.

முதலில் தண்டச் செலவு. வாடகைக்கு எடுத்த சோபாவில் ஒருவர்கூட உட்காரவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தார்கள். “போர் எத்தனை அடி? மேட்டூர் தண்ணி எத்தனை நாளைக்கு ஒருதரம் வருதுங்க?” பத்திரப் பதிவுக்கே 9 சதவீதம் எடுத்துவைக்க வேண்டிய மனிதர் சோபாவுக்கா மயங்குவார்? ஆடியில் ஒரு ஆளும் எட்டிப் பார்க்காததால் அதைத் திருப்பி அனுப்பிவிட்டோம். ரூம் ஸ்ப்ரே அதைவிட மோசம். “எந்த வாடையை மறைக்கிறாங்களோ” என்று ஒரு அம்மா கணவரிடம் கிசுகிசுத்தது என் காதிலேயே விழுந்தது.

பரண் விஷயம் வேறு. “விக்கறது வீட்டைத்தானே, என் பாத்திரத்தையுமா?” என்று அம்மா இரண்டு நாள் பேசவில்லை. பித்தளை அண்டா, கொலு பொம்மைப் பெட்டி, அப்பாவின் பழைய கணக்கு நோட்டுகள் எல்லாம் சித்தப்பா வீட்டு மாடிக்குப் போயின. அதற்கப்புறம் பரண் இருந்த அறை அகலமாகிவிட்ட மாதிரி எனக்கே தோன்றியது. ஆனால் அப்படியே வைத்திருப்பது பெரும்பாடு. புரோக்கர் போன் அடித்தாலே அம்மா கொடித்துணியை உருவ ஓடுவார். நான் மிக்ஸியை அலமாரிக்குள் தள்ளுவேன். ஆறாவது மாதம் வாக்கில், எந்தப் போன் அடித்தாலும் ஓட ஆரம்பித்துவிட்டோம்.

குளியலறை உப்புக்கறையில் நான் செய்த தப்பைச் சொல்லியாக வேண்டும். போர் தண்ணீர்க் கறைக்கு ஆசிட் ஊற்றினேன். டைல்ஸ் பளிச்சென்று ஆனது. வாசலில் வழிந்த ஆசிட் மொசைக் தரையை மங்க அடித்துவிட்டது. மொசைக்கில் இருப்பது பளிங்குச் சில்லு, ஆசிட் அதை அரித்துவிடும். மிஷின் வைத்துப் பாலீஷ் போட்டபிறகுதான் சரியானது. குழாய்களுக்கு வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் சுற்றிவைத்தாலே போதும்.

ஹால் சுவர் ஓதத்துக்குப் பெயிண்டர் புட்டி வைத்து, விலை கூடின பெயிண்டும் அடித்தார். ஐப்பசி மழையில் அது அப்பளம் மாதிரி பொரிந்து உதிர்ந்தது. அந்தச் சுவருக்குப் பின்னால்தான் குளியலறை. கசிந்த தண்ணீர் செங்கல் வழியாக ஏறும்போது உப்பையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. காயும்போது உப்பு பூத்து மேல்பூச்சைத் தள்ளிவிடுகிறது. வேறு வழியில்லாமல் டைல்ஸைப் பெயர்த்துப் பைப்பை மாற்றினோம். சுவரைக் கொத்தி, செங்கல் தெரியக் காயவிட்டோம். அந்தக் கோலத்தில் வீடு பார்த்தவர்களில் ஒருவர் சுவரைத் தொட்டுப் பார்த்தார், பழைய பைப்பைக் காட்டச் சொன்னார். தையில் அட்வான்ஸ் கொடுத்தவர் அவர்தான்.

வெயிலுக்குப் பயந்து முக்கால்வாசிப் பேர் சாயங்காலம்தான் வருவார்கள். டியூப்லைட்டை மாற்றி மஞ்சள் ஒளி எல்இடி போட்டது அதனால் உதவியது. எல்லாவற்றையும்விடப் பயன்பட்டது ஒரு ஃபைல்: மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வரைபட அனுமதி, வரி ரசீது, எல்லாவற்றுக்கும் நகல். செலவு ஜெராக்ஸ் காசு மட்டும்.

பால் காய்ச்ச எங்களையும் அழைத்திருந்தார்கள். உள்ளே போனதும் அம்மா அண்ணாந்து பரணைத்தான் பார்த்தார். அதற்குள் பாதி நிரம்பியிருந்தது.