முறைப்பாடு போட்டுத் தருகிறேன் என்பவரிடம் கடதாசிகளைக் கொடுக்காதீர்கள்

நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் ஓட்டல்களிலும் கெஸ்ட் ஹவுஸ்களிலும் வேலை செய்கிற பெண்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். சம்பளக் குறைவு பற்றித் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு போட ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. அதைப் போட்டுத் தருவதாக ஒருவர் என்னிடம் 25,000 ரூபாய் வாங்கினார். போடவே இல்லை. காசு போனதை விடப் பெரிய நட்டம், அவர் இழுத்தடித்ததில் என்னை வேலையிலிருந்து நிறுத்தியதற்கு வழக்குப் போடும் காலம் கடந்துவிட்டது.

விசாரணை நடப்பதால் ஓட்டலின் பெயரைச் சொல்லவில்லை. நுவரெலியாவில் அறை துப்புரவு வேலை. ஒரே மாடி, ஒரே எண்ணிக்கை அறைகள், அதே கட்டில் விரிப்பு, அதே குளியலறை. ஆண்களுக்கு 'ரூம் போய்' என்று பெயர், நாள் சம்பளம் 1,400 ரூபாய், சர்விஸ் சார்ஜிலும் பங்கு. எங்களுக்கு 'ஹெல்பர்' என்று பெயர், 900 ரூபாய், சர்விஸ் சார்ஜ் கிடையாது. ஏன் என்று கேட்டபோது மெனேஜர் சொன்ன பதில்: "தோட்டத்து ஆக்களுக்கு இது போதும்." வேலையில் ஒரு குறையும் அவர் சொல்லவில்லை.

சம்பள நாளன்று ஒரு பெரிய கொப்பியைத் திருப்பி வைப்பார்கள். நம் பெயருக்கு நேரே தொகை எழுத வேண்டிய கட்டம் வெறுமையாக இருக்கும். அதன் பக்கத்தில் கையெழுத்துப் போட்டால்தான் என்வலப் கைக்கு வரும். என்வலப்பின் மேல் பென்சிலால் வேலை நாட்களின் கணக்கு, அதற்குக் கீழே ஈ.பி.எஃப்., அதாவது ஊழியர் சேமலாப நிதி என்று ஒரு கழிவு. மாதாமாதம் கழித்தார்கள். பின்னால் விசாரித்தால் என் பெயரில் ஒரு கணக்கே திறக்கவில்லை.

2025 ஏப்ரல் சீசன் முடிந்ததும், சம்பளத்தைப் பற்றிக் கேட்ட எங்களில் சிலரை இனி வர வேண்டாம் என்று வாயால் சொல்லி அனுப்பினார்கள். கடிதம் எதுவும் தரவில்லை.

அந்த நேரம்தான் இந்த ஆள் வந்தார். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு போட்டோ கொப்பி கடையில் உட்கார்ந்திருப்பார், தன்னைத் தொழிற்சங்க ஆள் என்று சொல்லிக்கொள்வார். "தங்கச்சி, லேபர் ஒபிஸில் எல்லாரும் நமக்குத் தெரிஞ்ச ஆக்கள்தான்" என்றார். எழுதுவதற்கு 15,000, 'உள்ளே கொடுக்க' 10,000. சம்பள என்வலப்புகள் அத்தனையையும் அசலாகவே வாங்கிக்கொண்டார். கொஞ்ச நாளில் சிங்களத்தில் அடித்த ஒரு கடிதத்தின் பிரதியைத் தந்தார். கீழே வட்ட முத்திரை, ஓர் இலக்கம். பார்க்க அரசாங்கக் கடிதம் போலவே இருந்தது.

அதற்குப் பிறகு ஒரே கதைதான். பெரிய ஐயா லீவு. பைல் கண்டிக்குப் போயிருக்கு. ஓட்டல்காரர் சமாதானத்துக்கு வருகிறார், பொறுங்கள். இதில் மிகக் கெட்டது, "நீங்க நேரா போய்க் கேட்டா கேஸ் கெட்டுப்போகும்" என்று அவர் சொன்னதுதான். யாராவது உங்களிடம் அப்படிச் சொன்னால், அன்றைக்கே நேராகப் போய்க் கேளுங்கள்.

இந்த வருடத் தொடக்கத்தில் நானே தொழில் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த தமிழ் மிஸ் கடிதத்தைப் பார்த்ததுமே, முத்திரை தங்களுடையது இல்லை, அப்படி ஓர் இலக்கமும் பதிவில் இல்லை என்றார். அவர்தான் விளக்கினார்: வேலையிலிருந்து நிறுத்தியதற்கு எதிராகத் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க, நிறுத்திய நாளிலிருந்து ஆறு மாதம்தான் இருக்கிறது. எனக்கு அது நவம்பரிலேயே முடிந்துவிட்டது. ஏதோ தவறு இருந்து நிறுத்தியிருந்தால் மனம் ஆறியிருக்கும். நியாயம் கேட்டதற்காக நிறுத்தினார்கள், அதைச் சொல்லும் இடத்தையும் இந்த மனுஷன் அடைத்துவிட்டார். எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

ஆனால் சம்பளமும் சேமலாப நிதியும் வேறு விஷயம், அவற்றுக்கு அன்றே முறைப்பாட்டை எடுத்தார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் நாட்டின் குறைந்தபட்ச நாள் சம்பளம் 1,080 ரூபாய், மாதத்துக்கு 27,000. 2026 ஜனவரியிலிருந்து 1,200, மாதத்துக்கு 30,000. எனக்குத் தந்தது 900. சேமலாப நிதிக்கு நம் சம்பளத்தில் 8 வீதம் கழித்தால் முதலாளி 12 வீதம் போட வேண்டும். நம்பிக்கைப் பொறுப்பு நிதியான ஈ.டி.எஃப்.க்கு இன்னும் 3 வீதம், அதை நம்மிடம் கழிக்கவே கூடாது. "நீங்க தற்காலிகம், நாள் சம்பளம், உங்களுக்கு ஈ.பி.எஃப். இல்லை" என்று சொல்வது பச்சைப் பொய். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உண்டு. கட்டாத பணத்தைத் திணைக்களம் மேலதிகக் கட்டணத்தோடு நீதவான் நீதிமன்றம் வரை போய் அறவிடலாம்.

பாகுபாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெண் என்பதாலும் தோட்டத்திலிருந்து வந்தவள் என்பதாலும் குறைத்துத் தந்தார்கள் என்றுதான் நான் எழுதப் போனேன். அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை பாகுபாடு கூடாது என்கிறது, ஆனால் அந்த அடிப்படை உரிமை வழக்கு அரச தரப்பின் செயலுக்கு எதிராகத்தான் போட முடியும். தனியார் ஓட்டல் முதலாளி அதில் அகப்படமாட்டார். சம வேலைக்குச் சம சம்பளம் என்ற சர்வதேச உடன்படிக்கையை இலங்கை 1993இலேயே ஏற்றுக்கொண்டது. இத்தனை வருடம் கழித்தும் எங்களைப் போன்றவர்கள் போய் நிற்க ஒரு கதவு இல்லாதது பெரிய அநியாயம். சரி, இருக்கிற வழியில் போவோம் என்று மிஸ் சொன்னபடி கணக்காக எழுதினோம்: எந்த நாள், எத்தனை அறை, எனக்கு எவ்வளவு, அதே வேலைக்குப் பக்கத்தில் நின்றவருக்கு எவ்வளவு. மெனேஜர் சொன்ன வார்த்தையையும் அப்படியே சேர்க்கச் சொன்னேன், சேர்த்தார்கள்.

என்வலப்புகள் கையில் இல்லாதபோது எனக்கு உதவியது வீட்டுக் கலண்டர். வேலைக்குப் போன நாளையெல்லாம் அம்மா வட்டம் போட்டு வைத்திருந்தார். அதைக் கழற்றிக்கொண்டு போனேன், பிரதி எடுத்தார்கள். சம்பளப் பதிவேட்டைக் காட்ட வேண்டியது ஓட்டலின் பொறுப்பு என்பதால், அந்த வெறுமைக் கட்டங்களுக்கு இப்போது அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். விசாரணைக்கு ஓட்டல்காரர் ஒருமுறை வந்தார், அடுத்த தவணை கேட்டுப் போயிருக்கிறார்.

அலுவலகத்தில் சொல்வதைச் சிங்களத்தில் எழுதினால், தமிழில் எழுதுங்கள் என்று கேளுங்கள், அது உங்கள் உரிமை. வாசிக்க முடியாத எதிலும் கையெழுத்து வேண்டாம். அசல்களைக் கையிலேயே வைத்துக்கொண்டு பிரதியை மட்டும் கொடுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தைத் திகதியோடு வாங்குங்கள்.

அந்த ஆளுக்கு எதிராகப் பொலிஸிலும் முறைப்பாடு போட்டிருக்கிறேன். அப்புறம்தான் இன்னும் சில பெண்கள் தாங்களும் கொடுத்ததாக என்னிடம் வந்து சொன்னார்கள். அவரிடமோ அவரைப் போன்ற வேறு யாரிடமோ என்வலப், நியமனக் கடிதம் கொடுத்து வைத்திருந்தால் உடனே திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் பொலிஸில் எழுதி வைத்துவிட்டு, கையில் இருப்பதோடு தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். நிறுத்தி ஆறு மாதம் ஆகவில்லையென்றால் இந்த வாரமே போங்கள்.