மயஸ்தீனியாவுக்கு யாரிடம் காட்டுவது: சேலமா, வேலூரா, பெங்களூரா?

மாலையானால் இமை சரிகிறது, எதிரே வரும் வண்டி இரண்டாகத் தெரிகிறது, சோறு மெல்லும்போது பாதியில் தாடை ஓய்ந்துபோகிறது. இப்படி வந்தால் முதலில் கண் டாக்டர், அடுத்து சத்து ஊசி என்றுதான் நம் ஊரில் அலைவார்கள். மயஸ்தீனியா கிராவிஸ், அதாவது நரம்பின் கட்டளை தசைக்குச் சரியாகப் போய்ச் சேராமல் தசை சோர்ந்துபோகும் நோய், என்று பெயர் தெரிந்த பிறகுதான் பெரிய கேள்வி வருகிறது. பல வருடம் கூடவே இருக்கப்போகிற நோய்க்கு யாரை நம்புவது? என் அக்கா ஏற்காட்டில் இருக்கிறாள். அவளுக்காக நாங்கள் எடைபோட்டுப் பார்த்ததைச் சொல்கிறேன்.

பலகையில் ‘நியூரோ’ என்று இருந்தாலே உள்ளே போய்விட வேண்டாம். இந்த நோய்க்கு டி.எம். நரம்பியல் படித்தவர் வேண்டும். எம்.சிஎச். என்று போட்டிருப்பவர் மூளை, தண்டுவட அறுவை செய்பவர்.

சேலத்தில் இரண்டு வழி. ஒன்று, மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. நரம்பியல் பிரிவு இருக்கிறது, செலவில்லை, தீவிர சிகிச்சைப் பிரிவும் அங்கேயே. ஆனால் ஓபி காலையில். இந்த நோயின் குணமே ஓய்வெடுத்தால் தேறுவதும் உழைத்தால் சோர்வதும்தான். இரவு நன்றாகத் தூங்கி எழுந்து வரிசையில் உட்கார்ந்திருப்பவரின் இமை பல நாள் நேராகவே இருக்கும். பார்க்கும் டாக்டருக்கு நோயாளி நலமாகத் தெரிவார். இன்னொரு வழி, தனியார் நரம்பு டாக்டர்கள். பலர் மாலையில் கிளினிக் பார்க்கிறார்கள். ஏழு மணிக்கு அக்கா போய் உட்கார்ந்தால் நோய் தானே முகத்தில் வந்து நிற்கும். கட்டணம் கொடுத்தாலும் முதல் சந்திப்புக்கு மாலை கிளினிக்கே மேல் என்பது என் கருத்து. காலை ஓபிதான் வசதி என்றால், முந்தின நாள் மாலை முகத்தையும் பேச்சையும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு நிமிட வீடியோ போதும்.

ரத்தப் பரிசோதனைக்காக ஊர் தாண்ட வேண்டியதில்லை. இந்த நோயை உண்டாக்கும் எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் அசிடைல்கோலின் ரிசெப்டர் ஆன்டிபாடி பரிசோதனைக்குப் பெரிய லேப்களின் உள்ளூர்க் கிளையே ரத்தம் எடுத்து அனுப்பிவிடும். உடல் முழுக்கப் பரவிய மயஸ்தீனியாவில் சுமார் 85 சதவீதம் பேருக்கு இது பாசிட்டிவ் ஆக வரும். நோயை உறுதிசெய்ய, நெகட்டிவ் வந்தவர்களுக்குத்தான் தூரப் பயணம் அவசியமாகிறது.

அப்போது பெங்களூரு நிம்ஹான்ஸ். தசை, நரம்பு நோய்களைத் தனியாகப் பார்க்கிற அனுபவம் அங்கே ஆழமானது. ஒற்றை நார் இ.எம்.ஜி. (ஊசி முனையால் தசை நாரின் மின் துடிப்பை அளப்பது) போன்ற நுட்பமான பரிசோதனைக்கும், இது மயஸ்தீனியாதானா வேறு தசை நோயா என்ற குழப்பத்துக்கும் நான் முதலில் சொல்வது அந்த இடத்தைத்தான். சேலத்திலிருந்து தொப்பூர், கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக சுமார் 200 கிலோமீட்டர். மருத்துவமனை ஓசூர் ரோட்டிலேயே இருந்தாலும், நகர நெரிசலில் அந்தக் கடைசித் தூரம் நோயாளியை வாட்டிவிடும்.

வேலூர் சி.எம்.சி.யும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். காட்பாடிக்கு ரயில் இருப்பதால் படுத்துக்கொண்டே போகலாம். ஆனால் எங்களுக்கு அதன் பக்கம் மனம் சாய்ந்ததற்குக் காரணம் தைமஸ். மயஸ்தீனியா உள்ளவர்களில் 10 முதல் 15 சதவீதம் பேருக்கு நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள அந்தச் சுரப்பியில் கட்டி இருக்கும். அதனால் நெஞ்சு சி.டி. தவறக் கூடாது. கட்டி இல்லாதவர்களிலும், ஆன்டிபாடி பாசிட்டிவ் ஆக இருப்பவர்களுக்குச் சுரப்பியை எடுத்தால் பலன் உண்டு, ஸ்டீராய்டு அளவும் குறைகிறது என்று 2016-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. நிம்ஹான்ஸ் நரம்பும் மனநலமும் பார்க்கிற நிறுவனம். நெஞ்சு அறுவை என்றால் இன்னொரு மருத்துவமனையையும் சேர்த்து யோசிக்க வேண்டும். சி.எம்.சி.யில் நரம்பியல், நெஞ்சு அறுவை, தீவிர சிகிச்சை எல்லாம் ஒரே நிறுவனத்துக்குள். முன்பதிவு இல்லாமல் மட்டும் போக வேண்டாம்.

கோயம்புத்தூரிலும் நல்ல தனியார் மருத்துவமனைகள் உண்டு, தூரமும் குறைவு. காப்பீடு கையில் இருப்பவர்கள் தாராளமாக யோசிக்கலாம்.

இத்தனைக்கும் பிறகு, நிரந்தர டாக்டர் சேலத்தில்தான் இருக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். மூச்சுத் தசை சோர்கிற நெருக்கடி வந்தால் வேலூர்ப் பெயர் அந்த இரவில் உதவாது. ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். அதனால் அறிகுறியை முன்கூட்டியே பிடிக்க வேண்டும். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை நம்பிக் காத்திருக்கக் கூடாது, ஆக்ஸிஜன் அளவு குறைவது கடைசிக் கட்டத்தில்தான். ஒரே மூச்சில் எண்ணச் சொல்லிப் பாருங்கள். வழக்கமாக 40 வரை போகிறவர் 20-ஐத் தாண்டத் திணறினால் உடனே மலை இறங்குங்கள். எச்சில் விழுங்க முடியவில்லை என்றாலும் அப்படியே.

சேலத்து டாக்டரைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று கேள்வி கேட்டோம். வெளியூர் டாக்டரின் கடிதத்தைப் பார்த்து அதன்படி மருந்தைத் தொடர்வீர்களா? இரவில் வந்தால் எந்த மருத்துவமனையில் சேர்ப்பீர்கள், அங்கே வென்டிலேட்டரும், ஐ.வி.ஐ.ஜி. (நெருக்கடியில் நரம்பு வழியே ஏற்றும் இம்யூனோகுளோபுலின் மருந்து) கொடுக்கும் ஏற்பாடும் உண்டா? சளிக்கும் காய்ச்சலுக்கும் பக்கத்து டாக்டர் மருந்து எழுதினால் உங்களிடம் போனில் கேட்கலாமா? மூன்றாவது சின்ன விஷயமில்லை. சிப்ரோஃப்ளாக்ஸசின், அசித்ரோமைசின், ஜென்டாமைசின் போல அன்றாடம் எழுதப்படும் ஆன்டிபயாடிக்குகளே இந்த நோயைத் திடீரென்று மோசமாக்கக்கூடும். ஒரு டாக்டர் மூன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார், தவிர்க்க வேண்டிய மருந்துகளை ஓபி சீட்டின் பின்பக்கம் எழுதியும் கொடுத்தார். அவரிடமே அக்காவைக் காட்டுகிறோம்.