உரிய தேதியிலேயே விடுமுறையா, திங்கட்கிழமைக்கு மாற்றிய விடுமுறையா?

பொது விடுமுறையை அதற்குரிய தேதியிலேயே விடுவதா, வார இறுதியோடு சேரும்படி திங்கட்கிழமைக்கு நகர்த்துவதா என்று தயங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது அந்த நாளின் பொருளைத்தான்.

பொருள்: உரிய தேதியில் நினைவு நிலைக்கிறது, நகர்த்திய நாளில் காரணம் மெல்ல மங்குகிறது. அமெரிக்காவில் 1968-இல் இயற்றப்பட்டு 1971-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், முன்னாள் படைவீரர் நாளை அக்டோபரின் நான்காம் திங்கட்கிழமைக்கு மாற்றியது. 1918 நவம்பர் 11 அன்று முற்பகல் 11 மணிக்கு முதல் உலகப் போரின் துப்பாக்கிகள் ஓய்ந்ததிலிருந்து பிறந்த நாளை அப்படி நகர்த்தியதைப் பலரால் ஏற்க முடியவில்லை. எதிர்ப்பு வலுத்து, 1978 முதல் பழைய தேதியே திரும்பியது. அது நியாயமான முடிவு என்றே கருதுகிறேன்.

ஓய்வு: உரிய தேதி ஞாயிறன்று விழுந்தால் விடுமுறையே வீணாகலாம், திங்கள் என்றால் தொடர்ந்து 3 நாள் உறுதி, வெளியூரிலிருக்கும் பெற்றோரையும் பார்த்துவரலாம். 1964 டோக்கியோ ஒலிம்பிக் தொடங்கிய அக்டோபர் 10-ஐ ஒட்டி அமைந்த விளையாட்டு நாளை, ஜப்பான் 2000 முதல் அம்மாதத்தின் இரண்டாம் திங்களுக்கு மாற்றியது இதற்காகவே.

வேலை: வார நடுவில் வரும் விடுமுறை பணியைத் துண்டிக்கிறது; திங்கள் விடுமுறையில் அந்தச் சிக்கல் குறைவு.

ஆகவே தியாகத்தையும் விடுதலையையும் நினைவுகூரும் நாட்களுக்கு உரிய தேதியும், ஓய்வையும் கொண்டாட்டத்தையும் நோக்கமாகக் கொண்டவற்றுக்குத் திங்களும் பொருந்தும். பிறை பார்த்து உறுதிசெய்யும் ஈகைப் பெருநாள் போன்ற சமய நாட்களிலோ இந்தத் தெரிவுக்கே இடமில்லை.